நிவேஸின் ஆறு பீப்பாய்கள்

நிவேஸ் எனக்கு இரண்டாயிரத்து நானூறு யூரோ கடன்பட்டிருந்தாள். ஆறு ஓக் மரப் பீப்பாய்களின் விலை அது. அடுத்த வருஷம் நவம்பரில் வரும் சான் மர்த்தீனோ திருநாளுக்குள் தந்துவிட வேண்டும். தவறினால் பீப்பாய்களை உள்ளே இருப்பதோடு சேர்த்து என் லாரியில் ஏற்றிக்கொண்டு போவேன். இதுதான் பேச்சு. சொன்னவன் நான், "சரி மாமா" என்று என் கையில் அடித்துச் சத்தியம் செய்தவள் அவள். பத்திரம், கையெழுத்து எதுவும் கிடையாது. வட இத்தாலியில் காசாலேயிலிருந்து ஆல்பா வரைக்கும் இந்த எவாசியோவின் வியாபாரம் வாய் வார்த்தையில்தான் நடக்கிறது. இன்றுவரை ஒருவனும் என்னை ஏமாற்றியதில்லை.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். பதினொரு வயதில் என்னைப் பெரிய பீப்பாய்களின் சின்னக் கதவு வழியாக உள்ளே அனுப்புவார்கள். ஒயின் காலியான பீப்பாயின் சுவரில் உப்புப் படிந்திருக்கும். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அதைச் சுரண்டி எடுப்பேன். அந்த உப்பைக் கிலோக் கணக்கில் வாங்க ஆள் இருந்தார்கள். உப்பிலிருந்து பழைய பீப்பாய், பழைய பீப்பாயிலிருந்து கைவண்டி, கைவண்டியிலிருந்து லாரி. இன்று நெடுஞ்சாலை ஓரத்தில் என் கொட்டகை நிற்கிறது, வாசலில் இரண்டு லாரி நிற்கிறது. ஒரு பீப்பாயின் வாயில் மூக்கை வைத்தால் எந்த ஒயின், எத்தனை குளிர்காலம் அதற்குள் தூங்கியது, வீட்டுக்காரன் சுத்தக்காரனா சோம்பேறியா என்று சொல்லிவிடுவேன். இதை நானே சொல்லிக்கொள்வது அழகில்லைதான். ஆனால் வேறு யாரும் சரியாகச் சொல்வதில்லை.

நிவேஸ் எங்கள் குன்றுக்காரி இல்லை. வெர்செல்லி சமவெளியில், நெல் வயல்களுக்கு நடுவே பிறந்தவள். அங்கே தண்ணீரும் தவளையும்தான் அதிகம் என்பதால் சமவெளிக்காரர்களை நாங்கள் தவளைகள் என்போம். செகோந்தோவைக் கட்டிக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்து இருபத்தைந்து வருஷம் ஆன பிறகும் அவள் தவளைதான். காசாலேயில் ஒரு பிஸ்கட் ஆலையில் அடுப்படியில் வேலை பார்த்தாள். ஆலை மூடியது. கைக்கு வந்த பணத்தில் மற்ற பெண்கள் பல் கட்டினார்கள், சமையலறை மாற்றினார்கள். இவள் ஒரு பால் பண்ணைக்காரனிடம் பழைய எஃகுத் தொட்டிகளை வாங்கி, புருஷனின் மாட்டுக் கொட்டகையைக் கழுவி, பீர் காய்ச்ச ஆரம்பித்தாள். திராட்சைக் கொடியைத் தவிர வேறு எதையும் மதிக்காத ஊரில்.

செகோந்தோ தடுக்கவில்லை. அவன் எதையும் தடுக்கிறவன் இல்லை, பேசுகிறவனும் இல்லை. மாதா கோயிலுக்குப் பின்னால் சரிவில் அவனுக்குத் திராட்சைத் தோட்டம். அதன் உச்சியில் ஒரு துண்டு நிலம், மேட்டுத் துண்டு என்று பெயர். அங்கே விளைகிற பார்பேரா என்ற சிவப்பு ஒயினை அவன் விற்கவே மாட்டான். இரண்டு பெரிய கண்ணாடிக் குடுவைகளில் ஊற்றி, பிரம்புக் கூடையில் இறக்கி, நிலவறையின் கடைசி மூலையில் வைத்திருந்தான். குடுவைக்கு இருநூறு யூரோ தருகிறேன் என்று நானே கேட்டேன். தலையை ஆட்டினான். எந்தப் பக்கம் ஆட்டினான் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஜனவரி மாதம், நிவேஸ் தன் சின்னக் காரில் என் கொட்டகைக்கு வந்தாள். வணக்கம்கூடச் சொல்லாமல் ஒவ்வொரு பீப்பாயாக மூக்கை விட்டுக்கொண்டே போனாள். ஒரு வரிசையில் நின்றுவிட்டாள்.

"இதுல என்ன மாமா இருந்துச்சு?"

"மொஸ்காத்தோ. பழத்தை வைக்கோல்ல காயவச்சுப் பிழிஞ்ச இனிப்பு ஒயின். நாலு வருஷம் இருந்துச்சு."

"ஆறு வேணும்."

"ஆறா? செகோந்தோ வீட்ல அவ்வளவு ஒயின் ஏது?"

"ஒயினுக்கு இல்ல. பீருக்கு."

"பீரை யாராவது பீப்பாய்ல தூங்க வைப்பாங்களாம்மா? அது வெயில் காலத்துல குடிச்சிட்டு ஏப்பம் விடுற சாமான்."

"இது பதிமூணு டிகிரி ஆல்கஹால். பேரு பார்லி ஒயின். நுரை கிடையாது, குளிர வைக்கிறது கிடையாது. சின்ன கிளாஸ்ல, அடுப்பு பக்கத்துல உக்காந்து குடிக்கணும். உங்க பார்பேரா இதுக்கு முன்னாடி கைக்குழந்தை."

"சரி, பணம்?"

"இல்ல."

"இல்லைன்னு இவ்வளவு நிமிர்ந்து சொன்ன ஆளை இப்பதாம்மா பாக்குறேன்."

அவள் சிரிக்கவில்லை. பார்லி தன் அண்ணன் வயலிலிருந்து வருகிறது என்றாள். தொரினோவில் உணவகங்களுக்குச் சரக்கு கொடுக்கும் ஓர்னெல்லா என்ற அம்மாள், நன்றாக வந்தால் ஆறு பீப்பாயையும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள் என்றாள். எனக்கு மூக்கு மட்டுமில்லை, ஆள் பார்க்கும் கண்ணும் உண்டு. கொடுத்தேன்.

மறுநாள் மதுக்கடையில் நுழைகிறேன், சீட்டாட்டம் நின்றுவிட்டது.

"எவாசியோ, தவளைக்குக் கடன் குடுத்தியாமே. தண்ணிக்குள்ள குதிச்சுட்டா எப்படிப் புடிப்ப?"

"புடிக்கத் தெரியாதவனுக்குத்தான் அந்தக் கவலை. நீ சீட்டைப் போடு" என்றேன். அதோடு, சான் மர்த்தீனோவுக்குப் பணம் வராவிட்டால் லாரியோடு போவேன் என்று ஊருக்கே கேட்கும்படி சொல்லியும் வைத்தேன். சொன்னால் சொன்னதுதான்.

என் பீப்பாய்களைப் பார்க்கிறேன் என்ற சாக்கில் பருவத்துக்கு ஒரு முறை போவேன். நிவேஸ் பீப்பாயின் அடைப்பைத் தட்டி எடுத்து, நீளக் கண்ணாடிக் குழலை உள்ளே விட்டு, மேல் துளையை விரலால் மூடித் தூக்குவாள். முதல் தடவை, வசந்தத்தில், கிளாஸை வாயில் வைத்ததும் காதுவரை சுட்டது. பச்சை மரத்தைக் கடித்த மாதிரி ஒரு கசப்பு. "லாரியைக் கழுவி வைக்கட்டுமா?" என்றேன். "வையுங்க, தூசி படியாம இருக்கும்" என்றாள்.

முதல் குளிர்காலத்தில் சூடு அடங்கிவிட்டது. கருகுவதற்கு ஒரு நொடி முன்னால் இறக்கிய சர்க்கரைப் பாகின் வாசனை வந்தது. அடுத்த கோடையில் கிளாஸில் நின்ற நிறத்தைப் பார்த்தே எனக்குப் புரிந்துவிட்டது. பழைய செருப்புத் தோலின் பழுப்பு, விளிம்பில் தாமிரம். மூக்கில் காய்ந்த அத்தி, செஸ்ட்நட் தேன், வறுத்த ஹேசல் கொட்டை, கொஞ்சம் புகையிலை. நாக்கில் அது ஊர்ந்து போகும் வேகம் இருக்கிறதே, அவசரமே இல்லாத ஆள் ஒருவன் மாடிப்படி இறங்குவது போல. நான் இரண்டாவது கிளாஸ் கேட்டேன். இதைவிடப் பெரிய சான்றிதழ் எங்கள் மாகாணத்தில் யாரும் வாங்கியதில்லை.

பீப்பாய்களை அவள் விளிம்பு வரை நிரப்பி வைக்கவில்லை. மரத்தின் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி, மேலே ஒரு சாண் அளவு காலியாக இருந்தது. அந்தக் காற்றுதான் கொட்டை வாசனையைக் கொடுக்கிறது, அதனால் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன் என்று என்னிடம் சொன்னாள். செகோந்தோவிடம் சொல்லவில்லை. பீரைப் பற்றி அவனிடம் சொல்வதும் கிணற்றில் கல்லைப் போடுவதும் ஒன்று என்று விட்டுவிட்டாள்.

ஆகஸ்டில் ஜெனோவாவில் இருக்கும் அவள் தங்கைக்கு அறுவை சிகிச்சை. நிவேஸ் போய் மூன்று வாரம் தங்கிவிட்டாள். அந்த நாட்களில் ஒரு மத்தியானம் செகோந்தோ என் கொட்டகை வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவன் அங்கே வந்ததே அதுதான் முதல் தடவை.

"பீப்பாய் சத்தம் போடுது" என்றான்.

"என்ன சத்தம்?"

"சீறுது."

போய்ப் பார்த்தேன். ஐந்து பீப்பாய்கள் பாம்புப் புற்று மாதிரி சீறிக்கொண்டிருந்தன. ஆறாவது மட்டும் அமைதியாக இருந்தது.

"என்னடா பண்ண?"

"நெரப்பினேன்."

எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. குறைந்த பீப்பாயைக் கண்டால் நிரப்ப வேண்டும். நிரப்பாவிட்டால் காற்று பட்டு ஒயின் வினிகராகும். பசித்த மாட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பானா ஒருவன்? அவன் அப்பா நிரப்பினார், அவர் அப்பா நிரப்பினார். பெண்டாட்டி ஊரில் இல்லை, ஒவ்வொரு பீப்பாயிலும் ஒரு சாண் காலி. நிரப்பிவிட்டான். ஒயினில் உயிரோடு தூங்கிக்கொண்டிருந்த ஈஸ்ட், பீரில் மிச்சமிருந்த இனிப்பைக் கண்டதும் எழுந்துகொண்டது. ஆகஸ்ட் வெயில் வேறு. மறுபடி நொதித்துக் கொதிக்க ஆரம்பித்துவிட்டது.

நிவேஸ் திரும்பி வரும் நாளில் செகோந்தோ என்னையும் வீட்டில் இருக்கச் சொன்னான். "பெரியவர் இருந்தா கத்த மாட்டா" என்பது அவன் கணக்கு. தப்புக் கணக்கு. அவள் பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் குழலை எடுத்தாள். ஒரு பீப்பாய், இரண்டு பீப்பாய். மூன்றாவதில் துப்பினாள்.

"இருபத்தஞ்சு வருஷமா வாயைத் தொறக்காத மனுஷன். கையையும் கட்டிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்ல? மாமா, இவனை உங்க லாரியில ஏத்திட்டுப் போங்க. பீப்பாயை விட்ருங்க."

"இவனை எவன் வாங்குவான்?" என்றேன்.

"எதைய்யா ஊத்தின? அந்த ரோட்டோர நிலத்துப் புளிச்ச தண்ணியையா?"

செகோந்தோ தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான். "மேட்டுத் துண்டு" என்றான்.

"என்ன?"

"மேட்டுத் துண்டு. ரெண்டு குடுவையும். ஆறாவதுக்குப் பத்தல."

நிவேஸ் கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"அதை எதுக்குய்யா ஊத்தின?"

"மட்டமானதை ஊத்தினா உன்னுது கெட்டுப் போயிடாதா?"

அதற்கப்புறம் அவள் கத்தவில்லை. அழவுமில்லை. குழலைக் கழுவி மாட்டிவிட்டு, மூன்று பேருக்கும் முட்டை பொரித்தாள். நான் மட்டும்தான் பேசிக்கொண்டே சாப்பிட்டேன். யாராவது பேச வேண்டுமே.

அக்டோபரில், சீற்றம் அடங்கித் தெளிந்த பிறகு, தொரினோவிலிருந்து ஓர்னெல்லா அம்மாள் வந்தாள். மெலிந்த, மரியாதையான பெண்மணி. கிளாஸைச் சாய்த்துப் பார்ப்பதிலேயே தொழில் தெரிந்தவள் என்று தெரிந்தது. முதலில் ஆறாவது பீப்பாய். கண்ணை மூடிக்கொண்டாள். "இதுதான். இதைத்தான் நான் கேட்டேன்" என்றாள். பிறகு மற்றது. வாயில் வைத்ததும் புருவம் ஏறியது.

நானும் ருசித்தேன். அத்தி இருந்தது, தேன் இருந்தது. ஆனால் அதற்கு நடுவில் புளிப்புச் செர்ரி ஒன்று எழுந்து நின்று கன்னத்தைக் கிள்ளியது. இனிப்பு பாதியாகக் குறைந்திருந்தது. அடுத்த வாய் கேட்கும் ஒரு துவர்ப்பு. அவசரமில்லாமல் படி இறங்கியவன் கடைசிப் படியில் ஒரு குதி குதித்த மாதிரி.

"இதுல என்னம்மா சேர்த்தீங்க?" என்று கேட்டாள் அந்த அம்மாள்.

நானாக இருந்தால் எட்டு வருஷமாக யோசித்துச் செய்த கலவை என்றிருப்பேன். நிவேஸ் புருஷனைக் கை காட்டினாள். "நான் எதையும் சேர்க்கல. இவர் ஒயினை ஊத்திட்டார். நான் ஊர்ல இல்ல."

ஓர்னெல்லா அம்மாள் சிரித்தாள், கேலியாக இல்லை. நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பார்லி ஒயின் என்று சொல்லித்தான் வாடிக்கையாளர்களிடம் ஆர்டர் வாங்கியிருக்கிறேன், அந்தப் பெயரில் இதைக் கொடுத்தால் திருப்பி அனுப்புவார்கள் என்றாள். ஆறாவதை மட்டும் எடுத்துக்கொண்டாள். அதற்கும் பணம் தொண்ணூறு நாள் கழித்து. தொரினோ வழக்கம் அப்படி.

சான் மர்த்தீனோவுக்கு ஒரு மாதம்கூட இல்லை. அன்று வாசல்வரை வந்த நிவேஸிடம், "கிறிஸ்மஸ் வரைக்கும் பாத்துக்கலாம்மா" என்றேன். எழுபத்தாறு வயதில் நான் யாருக்கும் சொல்லாத வார்த்தை.

"மதுக்கடையில ஊரே கேக்குற மாதிரி சொன்னீங்களே?"

"நான் பாத்துக்கறேன்."

"நான் என்ன சொன்னேன்? சான் மர்த்தீனோ. அப்ப சான் மர்த்தீனோதான் மாமா. லாரிக்கு டீசல் போட்டு வைங்க." திமிர் பிடித்தவள். எனக்கு அவளைப் பிடித்துப் போனதே அந்தத் திமிரால்தான்.

சான் மர்த்தீனோ அன்று எங்கள் ஊரில் பழைய கணக்கு தீரும், புதிய ஒயின் திறக்கும். சதுக்கத்தில் வரிசையாக மேசை போட்டு, இந்த ஊர்த் தோட்டக்காரர்கள் தங்கள் ஒயினை ஊற்றுவார்கள். இரும்புச் சட்டியில் செஸ்ட்நட் வறுபடும். காசாலேயிலிருந்தும் அலெஸ்ஸாந்திரியாவிலிருந்தும் கூட்டம் வரும். வருகிறவர்கள் காலி பாட்டிலோடு வந்து நிரப்பிக்கொண்டு போவார்கள். இந்த ஊர் மண்ணில் விளைந்த ஒயினைத் தவிர வேறொன்றும் மேசையில் ஏறக்கூடாது. அதைக் கட்டிக் காப்பவன் விழாக் குழுத் தலைவன், ரொட்டிக் கடை தெரெசியோ.

விடியற்காலையில் செகோந்தோ டிராக்டரில் இரண்டு பீப்பாய்களைக் கொண்டுவந்து தன் மேசைக்குப் பின்னால் இறக்கினான். நிவேஸ் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கூடவே வந்தாள். யோசனை அவளுடையது இல்லை. தெரெசியோ மாவுக் கையோடு ஓடி வந்தான்.

"செகோந்தோ, இது பீராமே. பீர் குடிக்கறவன் ஜெர்மன்காரன் ஊருக்குப் போகட்டும். நம்ம சதுக்கத்துல கிடையாது."

"என் மேசை" என்றான் செகோந்தோ.

"மேசை உன்னுது. சட்டம் ஊரோடது."

"என் மேட்டுத் துண்டு உள்ள இருக்கு. குடிச்சுப் பாரு."

மேட்டுத் துண்டு என்றதும் தெரெசியோவின் கை தானாக நீண்டது. முப்பது வருஷமாக அவன் கேட்டும் கிடைக்காத ஒயின். ஒரு வாய் குடித்தான். வானத்தைப் பார்த்தான். இன்னொரு வாய்.

"மேட்டுத் துண்டுதான்" என்றான் மெதுவாக. "ஆனா கூட இன்னொருத்தர் இருக்காங்களே."

"என் பொண்டாட்டி" என்றான் செகோந்தோ.

தெரெசியோ கிளாஸைக் காலி செய்துவிட்டு, கடைக்குப் போய் ஒரு பெரிய கோர்கொன்சோலா பாலாடைக் கட்டியோடு திரும்பி வந்தான். "இதோட சாப்பிடணும். சும்மா குடிச்சா பாவம்" என்று மேசையில் வைத்துவிட்டு, சட்டத்தைப் பற்றி அப்புறம் பேசவில்லை.

முதலில் எங்கள் ஊர்க்காரர்கள் வந்தார்கள். பீருக்காக இல்லை, செகோந்தோ யாருக்கும் தராத ஒயின் வெளியே வந்துவிட்டது என்ற செய்தி பரவியதால். சின்ன கிளாஸ் மூன்று யூரோ. மதுக்கடைச் சீட்டாட்டக்காரர்கள் ஒரு கிளாஸை மூக்கைச் சுளித்துக்கொண்டு குடித்தார்கள், இரண்டாவதைச் சுளிக்காமல். சூடான செஸ்ட்நட்டைக் கடித்து, இதை ஒரு வாய் விட்டால், உடம்புக்குள் யாரோ கணப்பு மூட்டியது போல இருக்கும். பதினொரு மணிக்கு மூடுபனி விலகி வெளியூர்க் கூட்டம் வந்தது. அப்போது நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து பீப்பாயைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். நான் பேசினால் ஜனம் நிற்கும். நின்றவன் குடிப்பான். குடித்தவன் பாட்டிலை நீட்டுவான்.

"ஏம்மா, இதுக்குப் பேரு என்ன?" என்று ஒரு அலெஸ்ஸாந்திரியாக்காரன் கேட்டான்.

"இன்னும் வைக்கல" என்றாள் நிவேஸ். "சண்டை முடியட்டும்."

செகோந்தோ அவள் நீட்டும் பாட்டில்களுக்குத் தக்கை அடித்துக்கொண்டே இருந்தான். மத்தியானம் ஒரு பீப்பாய் தீர்ந்தது. பொழுது சாய்கிறபோது இரண்டாவதைச் சாய்த்துப் பிடிக்க வேண்டியிருந்தது. மிச்சம் மூன்று வீட்டில் பத்திரமாக இருந்தன. என் லாரி கொட்டகையிலேயே நின்றது. டீசல் போட்டிருந்தேன், பொய் சொல்ல மாட்டேன்.

விளக்கேற்றும் நேரத்தில் அவர்கள் சமையலறையில் உட்கார்ந்தோம். நிவேஸ் பணப்பெட்டியைக் கவிழ்த்தாள். ஈரமான நோட்டு, ஒட்டிக்கொண்ட சில்லறை, எல்லாவற்றிலும் செர்ரி வாசனை. ஐம்பது, இருபது, பத்து என்று பிரித்து, என் பக்கம் தள்ளித் தள்ளி எண்ணினாள்.

"கடைசி நாப்பது சில்லறையா இருக்கு, விடும்மா" என்றேன்.

"எதுக்கு விடணும்? நாளைக்கு மதுக்கடையில நாப்பது யூரோ தள்ளுபடி பண்ணேன்னு சொல்றதுக்கா?"

சொல்லியிருப்பேன். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். இரண்டாயிரத்து நானூறு, ஒரு சென்ட் குறையாமல். எழுந்திருக்கப் போனேன்.

"உக்காருங்க மாமா, உங்க வாயால ஒரு விலை வேணும். மேட்டுத் துண்டு, குடுவைக்கு எவ்வளவு கேட்டீங்க?"

"இருநூறு. இவன் தரல."

"அப்ப ரெண்டுக்கு நானூறு." புருஷன் பக்கம் திரும்பினாள். "கையை நீட்டு."

"வீட்டு ஒயினுக்கு எவனாவது காசு வாங்குவானா?" என்றான் செகோந்தோ.

"பார்லிக்கு எங்க அண்ணனுக்குக் குடுக்கறேன். பீப்பாய்க்கு மாமாவுக்குக் குடுத்தேன். ஒயினுக்கு ஒயின்காரனுக்குக் குடுக்கணும். அடுத்த வருஷமும் வேணும், ரெண்டு குடுவை. இந்தத் தடவை நான் சொல்ற அன்னிக்கு, நான் சொல்ற அளவு. நீட்டுய்யா."

அவன் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். மேசைக்குக் குறுக்கே கையை மெதுவாக நீட்டி விரித்தான். அறுவடைக் கறை விரல் இடுக்கில் இன்னும் போகாமல் இருந்தது. நிவேஸ் கட்டை விரலை நாக்கில் தொட்டு, இருபது, நாற்பது, அறுபது என்று வாய்விட்டு எண்ணி, ஒவ்வொரு நோட்டாக அந்தக் கையில் வைத்துக்கொண்டே போனாள்.